ஏழு கற்களுக்கு ஒரு வாளிச் சுண்ணாம்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதை விட, நானே சொன்னால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். டென்மார்க்கில் அரசாங்கம் சட்டம் போட்டுக் காவல் காக்கிற, எந்தக் காலத்து மனிதர் நட்டதென்று எவருக்கும் சரியாகத் தெரியாத ஏழு கற்களுக்கு ஒரு நவம்பர் மாதப் பின்னேரம் வெள்ளையடித்தவன் நான். குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. யாரும் ஏவி விடவுமில்லை. யோசனை முழுக்க என்னுடையது. அந்த நாட்களில் எனக்கு யோசனைகள் நிறைய வரும்; அவற்றைத் தடுத்து நிறுத்த ஊரில் இருந்த ஆட்கள் யாரும் கூட வரவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. சில்க்போர்க்கிலிருந்து ஹேர்னிங் போகிற பாதையில், பஸ் ஒரு நாளைக்கு நாலு முறை நிற்கிற ஒரு கிராமம். ஒரு தேவாலயம், ஒரு கடை, நிறையக் காற்று. அகதிகளாக வந்த எங்களைப் பொறுப்பெடுத்திருந்த அலுவலகம் என்னையும் மன்னாரிலிருந்து வந்த ஓர் அண்ணையையும் அங்கே ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் குடிவைத்தது. அண்ணை என்றால் சொந்த அண்ணை இல்லை. என்னிலும் பத்துப் பன்னிரண்டு வயது கூடியவர், கடற்றொழில் செய்த குடும்பம், கை ஒவ்வொன்றும் துடுப்பு மாதிரி. நான் யாழ்ப்பாணத்துக் கரையோரத்தவன் என்றாலும், கடலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கரை மட்டும்தான். இருவரும் கத்தோலிக்கர். அவர் நம்பிக்கையால், நான் பழக்கத்தால்.

டேனிஷ் பேசிப் பழகட்டும் என்று எங்களை ஒரு பண்ணையில் வேலைக்கு விட்டார்கள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. பண்ணைக்காரர் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசினாரென்றால் அன்றைக்கு ஏதோ விசேஷம் என்று அர்த்தம். மனைவியை இழந்த மனிதர். பசுக்களோடேயே இருந்து, தேவையில்லாததைச் சொல்லாமல் விடப் பழகியிருந்தார். எட்டு மாதத்தில் அவரிடமிருந்து நான் கற்ற மொழி: வாளி, கதவு, சாணி, போதும், நாளைக்கு. இதை வைத்துக்கொண்டு ஒரு நாட்டில் வாழ முடியுமா என்று கேட்டால், முடியும். நான் வாழ்ந்தேன்.

கற்கள் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருந்த வயலில், நிலம் சற்றே முதுகு தூக்குகிற இடத்தில் நின்றன. ஆறு கற்கள் நிமிர்ந்து, ஒன்று விழுந்து. நின்றவை ஆளின் நெஞ்சு உயரம், சில தோள் உயரம். எல்லாமே ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன, தூரத்தில் யாரோ ஏதோ சொல்ல அதைக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் மாதிரி. பண்ணைக்காரர் உழும்போது, படுத்திருக்கிற நாயைச் சுற்றிப் போவது போல ட்ராக்டரை வளைத்து எடுப்பார். உழவுக் கோடுகள் அவற்றுக்குக் கிட்ட வந்ததும் வளைந்து, தாண்டிய பிறகு திரும்ப நேராகும். முதல் வாரமே நான் கேட்டேன், அது என்னவென்று. கல்லறை என்றார். பழசு என்றார். யாருடையது என்று கேட்டேன். அவர் அந்தப் பக்கம் பார்க்காமலே தோளைக் குலுக்கி, "அவர்களுடையது" என்றார். அன்றைய பத்துச் சொல்லில் மூன்று எனக்காகச் செலவாயிற்று.

வசந்த காலத்தில் அந்த நாட்டு மண் கல்லைக் கக்கும். குளிர்காலத்து உறைபனி நிலத்துக்கடியிலுள்ள கற்களை மேலே தள்ளிவிடுமாம். அவற்றைப் பொறுக்கி இழுவைப் பெட்டியில் போடுவது எங்கள் வேலை. ஒரு நாள் சோம்பலில், கையிலிருந்த ஒரு கல்லை அந்த ஏழின் அடியில் போட்டேன். கல்லோடு கல், யார் கேட்கப்போகிறார்கள். பண்ணைக்காரர் ட்ராக்டரை நிறுத்தி இறங்கி வந்து, அதைக் குனிந்து எடுத்துத் துடைத்து, பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தால் எனக்குப் பிடரி குளிரத் தொடங்கியது. யாரோ பார்க்கிற குளிர். அண்ணையிடம் சொன்னேன். தொப்பி போடச் சொன்னார்.

ஒக்டோபர் முடிவில் அண்ணைக்குத் தாயிடமிருந்து கடிதம் வந்தது. அவர் அதை வாசித்துவிட்டுச் சமைக்க மறந்துபோனார். சமைக்க மறப்பது அவர் குணமில்லை. என்னவென்று துருவித் துருவிக் கேட்டதில், கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு விடியற்காலை தனியாகத் தொழிலுக்குப் போனவன் திரும்பவில்லை. வள்ளத்தை ஒரு மணல் திட்டில் கண்டெடுத்தார்கள். வலை நனையாமல் இருந்தது. தாய் கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சல் அவிழ்க்கப்படாமல், கட்டின முடிச்சோடு இருந்தது. ஆள் மட்டும் இல்லை. என்ன நடந்ததென்று சொல்ல யாரும் இல்லை. கேட்கவும் பயமான காலம்.

எங்கள் பக்கத்தில் நவம்பர் இரண்டாம் திகதி இறந்தவர்களின் நாள். அதற்கு ஒரு கிழமைக்கு முன்பே ஊர் முழுக்கச் சேமக்காலைக்குள் நிற்கும். சேமக்காலை என்றால் எங்கள் மயானம். புல்லுப் பிடுங்கி, கல்லறைகளைக் கழுவி, சுண்ணாம்பு கரைத்து வெள்ளையடிப்போம். வெள்ளையடிக்காத கல்லறை என்றால் அந்த வீட்டில் ஆட்கள் இல்லை, அல்லது ஆட்கள் இருந்தும் வெட்கமில்லை என்று அர்த்தம். அன்று பொழுதுபட மெழுகுதிரி ஏற்றினால் கடற்கரை மணலில் நட்சத்திரம் கொட்டினது மாதிரி இருக்கும். உடல் கிடைக்காத மகனுக்காக அண்ணையின் தாய் சேமக்காலைப் பெரிய சிலுவையின் அடியில் ஒரு கல்லைக் கொண்டுபோய் வைத்திருந்தார். போன இரண்டு வருடமும் அதற்கு வெள்ளையடித்து, அதன் மேல் மெழுகுதிரி வைத்து வந்தார். இந்த வருடம் சேமக்காலைப் பக்கம் யாரும் போக முடியாது, பாதையை மறித்துவிட்டார்கள் என்று கடிதம் சொன்னது. கடைசியில் இப்படி எழுதியிருந்தது: நீதான் இருக்கிறாய். நீ இருக்கிற இடத்தில் ஒரு கல்லறையடியில் நின்று அவனைக் கூப்பிடு. வெள்ளைக் கல்லைக் கண்டால்தான் அவனுக்கு இடம் தெரியும், கூப்பிடாவிட்டால் இந்த வருடம் முழுக்கத் திசை தெரியாமல் நிற்பான்.

அண்ணை கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எங்க போய்க் கூப்பிடுறது" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. ஆனால் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் எனக்குத் திறமை.

கத்தோலிக்கக் கோவில் வேண்டுமென்றால் ஓகூஸ் நகரத்துக்குப் போகவேண்டும். அங்கே போனாலும் எங்களுக்கென்று கல்லறை இல்லை. அந்த நாட்டில் எங்களில் ஒருவரும் அப்போது செத்திருக்கவில்லை. எல்லோரும் புதிதாக வந்து, உயிரோடு இருப்பதில் மும்முரமாக இருந்தோம். முதலில் நான் அவரைக் கிராமத்துத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு கல்லறையையும் சுற்றி, கத்தரித்த சின்ன வேலி. உள்ளே பரவிய சரளைக் கல்லை வாரிக் கோலம் மாதிரிக் கோடு இழுத்திருந்தார்கள். செத்தவர்கள் கூட அங்கே காலை வெளியே நீட்ட மாட்டார்கள் போலிருந்தது. கையில் வாரியோடு நின்ற பராமரிப்பாளர், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று பணிவாகத்தான் கேட்டார். நாங்கள் யாரையும் பார்க்க வரவில்லை. அதைச் சொல்லவும் எங்களுக்குச் சொல் இல்லை. அவர் எங்கள் சப்பாத்தின் அடையாளத்தைப் பின்னால் வந்து வாரி அழித்துக்கொண்டே, வாசல் வரை வந்தார்.

வெளியே வந்ததும் நான், ஏதாவது ஒரு கல்லறையில் ஏற்றிவிட்டு ஓடிவந்தால் என்ன, மெழுகுதிரிக்கு முகவரியா தெரியும் என்றேன். அண்ணை நடையை நிறுத்தினார்.

"வேறையொருத்தற்ர வாசலில நிண்டு என்ர தம்பியக் கூப்பிடுறதோ? அவன் வந்தா எங்க போய் இருக்கிறது?"

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது.

சொந்தக்காரர் இல்லாத கல்லறை ஒன்று எனக்குத் தெரியும் என்றேன். ஏழு கல். யாரும் பூ வைப்பதில்லை, யாரும் வாருவதில்லை. மொத்த வம்சமும் போய்விட்டது. யாருடைய வாசலும் இல்லை. ஒரு கல்லைக் கேட்டால் ஏழு கிடைக்கிறது. அண்ணை சட்டைப் பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்தார். "அந்த ஐயாட்டக் கேக்க வேணும். கேப்பியோ?" என்றார். கேட்கிறேன் என்றேன்.

நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இத்தனை வருடமாக எனக்கு நானே பல நல்ல காரணங்கள் சொல்லி வந்திருக்கிறேன். உண்மை என்னவென்றால், வாளி, கதவு, சாணி, போதும், நாளைக்கு என்ற ஐந்து சொல்லை வைத்து "கடலில் காணாமல் போனவரை உங்கள் வயலுக்குக் கூப்பிடலாமா" என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் அவர் பின்னால் அலைந்தேன். மூன்றாம் நாள் மாட்டுக்கொட்டிலில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, என்ன என்பது போலப் புருவத்தைத் தூக்கினார். நான் வாளி என்றேன். அவர் வாளியைத் தந்தார். வீட்டுக்கு வந்து அண்ணையிடம், கேட்டுவிட்டேன், ஓம் என்றார் என்று சொல்லிவிட்டேன்.

"வடிவாக் கேட்டனியோ?"

"கேட்டனான் அண்ணை. சந்தோசமாத்தான் சொன்னவர்."

சந்தோஷமாக என்ற சொல்லைச் சேர்த்ததுதான் பிசகு. அந்த மனிதர் சந்தோஷமாக எதையும் சொல்லி அண்ணை கண்டதில்லை. ஆனால் அவருக்கு நம்பவேண்டியிருந்தது, நம்பினார்.

இரண்டாம் திகதி பண்ணைக்காரர் மகளைப் பார்க்க ஓகூஸுக்குப் போனார். மாலைப் பால் கறப்புக்குத்தான் திரும்புவார். கோடையில் நான் அவரோடு சேர்ந்து மாட்டுக்கொட்டிலுக்கு வெள்ளையடித்திருந்தேன். மிஞ்சிய சுண்ணாம்பு ஒரு மூடி போட்ட வாளியில், மேலே தண்ணீர் நிற்க, களஞ்சியத்து மூலையில் இருந்தது. நீளப்பிடிப் பிரஷும் இருந்தது. எல்லாமே தயாராக இருந்ததை நான் ஒரு அடையாளமாக எடுத்துக்கொண்டேன். களஞ்சியத்தில் கோடரியும் இருந்தது, அதை ஏன் அடையாளமாக எடுக்கவில்லை என்று பிறகு யோசித்தேன்.

மத்தியானம் கழிய மூடுபனி இறங்கியது. வயலின் விளிம்பு காணாமல் போய், கற்களும் நாங்களும் மட்டும் மிஞ்சினோம். முதலில் அவற்றைத் துடைத்தோம். சாம்பலும் மஞ்சளுமாகத் தேமல் மாதிரிப் பாசி படர்ந்திருந்தது, அதைச் சுரண்ட வேண்டாம், மேலாலேயே அடிப்போம் என்றார் அண்ணை. அவர் அப்படிச் சொன்னது பின்னால் எங்களைக் காப்பாற்றியது. நான் அடிக்கத் தொடங்கியதும் வாய் தானாகத் திறந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் ஊரில் தெரிந்த ஒவ்வொரு ஆளைச் சொல்லிக்கொண்டு போனேன்: இது எங்கள் கணக்கு வாத்தியார், பார்த்தீர்களா சரிவை, இது கோவில் மூப்பர், வயிறு அப்படியே இருக்கிறது. அண்ணை சிரித்தார். கடிதம் வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார். பயத்தில் நான் எவ்வளவு பகிடி விடுவேன் என்று அவருக்குத் தெரியாது. கல்லில் கை வைத்தபோது அது நான் நினைத்த அளவுக்குக் குளிரவில்லை என்பதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

விழுந்து கிடந்த ஏழாவது கல்லுக்கு அண்ணையே வெள்ளையடித்தார். பாதி அடித்தவர் பிரஷை வைத்துவிட்டு, பெருவிரலால் எதையோ தடவினார். கல்லின் முதுகில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றும் ஒரு முட்டையின் அடிப்பாகம் புதைகிற அளவு, வழுவழுப்பாக, பத்துப் பன்னிரண்டு இருக்கும். மழை குடைந்த குழி இல்லை. யாரோ உட்கார்ந்து, நாள் கணக்காகத் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியது.

"ஆரோ முந்தியே செய்து வைச்சிருக்கினம்" என்றார்.

கடையில் வாங்கிய வெள்ளை மெழுகுதிரியை ஒரு குழியில் வைத்தார். அது அளவெடுத்தது போல நின்றது. அடுத்த குழியிலும் நின்றது. அவர் ஏழு மெழுகுதிரி ஏற்றி முடிக்கிறவரை நான் ஒரு பகிடியும் விடவில்லை. பொழுது பட்டுக்கொண்டிருந்தது, அந்த நாட்டில் நவம்பரில் நாலு மணிக்கே பட்டுவிடும். காற்று ஒன்றிரண்டை அணைத்தது. குழியின் ஆழத்தில் நின்றவை அணையவில்லை.

செபம் சொல்லுவார் என்று நான் தொப்பியைக் கழற்றினேன். அவர் செபம் சொல்லவில்லை. எழுந்து, மூடுபனியைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்து, தம்பியை வீட்டில் கூப்பிடுகிற பேரால் கூப்பிட்டார். கரையில் நின்று வள்ளத்தைக் கூப்பிடுகிற குரல் அது. நீட்டி, கடைசி எழுத்தைத் தண்ணீர் மேல் ஓடவிட்டு. மூன்று முறை. கூப்பிட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் காத்திருந்தார், மறுகுரல் வருகிற அளவு நேரம். கற்களும் அதே பக்கம் சரிந்து காத்திருந்தன. அவை என்னத்தைக் காது கொடுத்துக் கேட்கின்றன என்று முதல் நாள் தொட்டு யோசித்தவன் நான். அந்த நேரம் எனக்கு அது தெரிந்துவிடுமோ என்று, கழற்றிய தொப்பியைக் காது மூட மாட்டிக்கொண்டேன்.

மறுகுரல் எதுவும் வரவில்லை. ஒரு மணம் வந்தது. ஈர வலையும் உப்பும் கலந்த மணம். கடல் அங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம். எங்கள் ஊரில் சிப்பியைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுப்பார்கள், அதனால் ஈரச் சுண்ணாம்பின் மணம் எனக்குக் கரையை ஞாபகப்படுத்தியது என்று சொல்லலாம். சொல்லித்தான் வருகிறேன். ஆனால் கோடையில் மாட்டுக்கொட்டில் முழுக்க அதே சுண்ணாம்பை அடித்தபோது எனக்குச் சாணி மணம் மட்டும்தான் வந்தது.

திரும்பும்போது பின்னால் பார்க்க வேண்டாம் என்று அண்ணை சொன்னார். பார்த்தேன். என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. காலையில் மண்ணோடு மண்ணாய், நரை நிறத்தில் கண்ணுக்கு அகப்படாமல் நின்றவை, இப்போது இருட்டில் வெள்ளை வெளேரென்று ஆறு பேராக நின்றன, ஏழாவது ஆள் காலடியில் படுத்திருந்தார். அதோடு, விட்டுவிட்டு வந்த இடத்தில் நிற்கவில்லை. கொஞ்சம் கிட்ட நின்றன. பேயை நானே கரைத்து நானே பூசி நிறுத்திவிட்டு, பண்ணைக் கதவு வரை ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் முழங்கால் வலிக்கிறது. அண்ணை நடந்துதான் வந்தார்.

அடுத்த நாள் விடிந்ததும் யாரோ கதவைத் தட்டினார்கள். பண்ணைக்காரர். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். எட்டு மாதத்தில் அவர் தலையை நான் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். கற்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டார். அவருடைய சம்மதத்தோடுதான் எல்லாம் நடந்தது என்று நம்பிக்கொண்டிருந்த அண்ணை, முகம் மலர்ந்து, தனக்குத் தெரிந்த டேனிஷை எல்லாம் திரட்டி, "நாங்கள். அழகு?" என்று கேட்டார்.

பண்ணைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக் கேத்திலைப் பார்த்தேன். அது கொதிக்கவில்லை, அதனால் எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

அவர் கதிரையில் உட்கார்ந்தார். அன்று அவர் பேசிய அளவு வேறு எந்த நாளும் பேசவில்லை. எனக்குப் புரிந்தது பாதி, மீதியை அவர் முகத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். இருளும் மாதங்களில் பொழுதுபட்ட பிறகு அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவை கிட்ட வரும் என்று சின்ன வயதில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அதெல்லாம் கதை என்றுதான் அறுபது வயது வரை வாழ்ந்தவர். இன்று காலை குசினி ஜன்னலால் பார்த்திருக்கிறார்.

"அவை கிட்ட வந்திருந்தன" என்றார். வெள்ளை நிறம் கண்ணுக்குக் கிட்டத்தான் தெரியும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அன்று முதல் தடவையாகப் பசுக்கள் பால் கறக்கக் காத்து நின்றன.

அதற்குள் அண்ணைக்கு விளங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"நீ கேக்கேல்லை."

இல்லை என்றேன். அவர் எழுந்து பண்ணைக்காரரின் முன்னால் நின்று தலையைக் குனிந்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைப்பார். உப்பு மட்டும் இருக்காது.

பண்ணைக்காரர் தொலைபேசியில் சொல்ல, அன்றே அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். ரப்பர் பூட்ஸ், கழுத்தில் பூதக்கண்ணாடி. கல்லுக்கு வெள்ளையடித்த குற்றத்துக்காக நாடு கடத்தப்படும் முதல் தமிழன் என்று நான் மனசுக்குள் செய்தித் தலைப்பு எழுதி வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை, கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கல்லை விடப் பாசியைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. அது வளர மனித ஆயுள் போதாதாம், சுரண்டாமல் விட்டதற்கு நன்றி சொல்லுங்கள் என்றார். குளிரில் சுண்ணாம்பு சரியாகப் பிடித்திருக்கவில்லை. தண்ணீரும் மெல்லிய பிரஷும் கொண்டு, தேய்க்காமல், பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவ வேண்டும் என்றார். யார் கழுவுவது என்று அவர் கேட்கும் முன்பே பண்ணைக்காரரின் விரல் என்னைக் காட்டியது.

விழுந்த கல்லருகில் அந்தப் பெண் நின்றுவிட்டார். குழிகளில் மெழுகு உறைந்திருந்தது. இந்தக் குழிகள் எதற்கு என்று இந்த நாட்டில் எவருக்கும் தெரியாது, பெரிய பெரிய ஆட்கள் யோசித்துப் பார்த்துவிட்டார்கள் என்றார். நான் மெழுகுதிரி வைக்க என்றேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து மெழுகைப் பார்த்து, அதை ஊசியால் எடுக்க வேண்டாம், வெயில் வரும்போது தானாகப் போகட்டும் என்றார்.

கழுவத் தொடங்கினேன். தனியாக. மூடுபனி விட்டபாடில்லை. கல்லுக்கு முகத்தைக் கொடுத்துக் குந்தியிருந்து கழுவினால் முதுகுப் பக்கம் ஆறு கல் இருக்கும். சுற்றி உட்கார்ந்தாலும் ஆறு இருக்கும். இரண்டாம் நாள், எனக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். நீளமாக, ஈரமாக. வாளியை என் காலிலேயே கவிழ்த்துவிட்டுத் திரும்பினால், வேலியைத் தாண்டி வந்த ஒரு பசு. அதனிடம் மன்னிப்புக் கேட்டேன், எனக்குத் தெரிந்த ஐந்து சொல்லில். அது போன பிறகும் மூச்சு கேட்டது. அதைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.

கழுவக் கழுவ எனக்கு வேறு பயம் பிடித்தது. வெள்ளை ஓடையாக வடிந்து மண்ணுக்குள் போவதைப் பார்க்கும்போது, நான் கழுவுவது சுண்ணாம்பை மட்டும்தானா என்றிருந்தது. வெள்ளைக் கல்லைக் கண்டால்தான் அவனுக்கு இடம் தெரியும் என்று அந்தத் தாய் எழுதியிருந்தார். பாதி வழியில் வந்துகொண்டிருந்தால்? அந்த நாளைக்குச் சரியாக வந்து சேர அவன் ட்ராக்டரிலா வருகிறான்? ஒரு ஆளின் தம்பிக்குக் கரையில் வெளிச்சம் காட்டிவிட்டு, அவன் கரை சேரும் முன்னால் நானே அணைத்துக்கொண்டிருக்கிறேனோ என்று நினைக்க, பிரஷ் கையில் கனத்தது. பொய் சொல்லாமல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தப் பண்ணைக்காரர் முடியாது என்றிருப்பார், அண்ணை வேறு இடம் தேடியிருப்பார், அங்கே கல் வெள்ளையாகவே இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் விழுந்த கல் ஒன்றுதான் மிச்சம். அதைத் தொட மனம் வரவில்லை. வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேலை செய்கிறவன் மாதிரி இருந்தேன். அப்போது மூடுபனிக்குள்ளால் அண்ணை வந்தார். தொப்பி போட்டிருந்தார். கல்லின் தலைமாட்டில் நின்று, உறைந்த மெழுகைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. பகிடி ஒன்றைத் தேடினேன், அகப்படவில்லை.

"அண்ணை, இதையும் கழுவினா அவனுக்கு இடம் தெரியாமப் போயிடுமோ?" என்று கேட்டேன்.

"அவன் பாத்திட்டான், நீ கழுவு."